குண்டைவிடக் குடிநீர் வீழ்த்திய படை

1979 டிசம்பர் கடைசி வாரத்தில் சோவியத் ராணுவம் அண்டை நாடான ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தது. அங்கே கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராகக் கிராமங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. ஆளும் கட்சிக்குள்ளேயும் வெட்டுக்குத்து. டிசம்பர் 27 அன்று சோவியத் படையினர் அதிபர் ஹபீசுல்லா அமீனைக் கொன்றுவிட்டு பப்ரக் கர்மாலை நாற்காலியில் அமர்த்தினார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற கணக்கு பொய்த்தது. படைகள் முற்றாக வெளியேற 1989 பிப்ரவரி 15 ஆகிவிட்டது.

சோவியத் ஹெலிகாப்டர்களை வீழ்த்த அமெரிக்கா ஆப்கன் போராளிகளுக்குக் கொடுத்த ஸ்டிங்கர் ஏவுகணைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கல்லீரல் நோய் பார்க்கும் மருத்துவனான எனக்கு உறுத்துவது வேறொரு கணக்கு. அங்கே பணியாற்றிய சுமார் 6,20,000 பேரில் இறந்தவர்கள் ஏறக்குறைய 15,000. நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களோ நான்கு லட்சத்துக்கும் மேல்! அதில் மஞ்சள் காமாலை மட்டும் 1,15,308 பேருக்கு. டைபாய்டு 31,080 பேருக்கு. 1981 இறுதியில் ஒரே டிவிஷனில் (பல ரெஜிமென்ட்கள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் காமாலையில் படுத்தார்கள். டிவிஷன் தளபதியும் படுத்தார், நான்கு ரெஜிமென்ட் தளபதிகளில் இருவரும் படுத்தார்கள். எந்த எதிரியாலும் சாதிக்க முடியாத காரியம் இது.

காரணம் எளிது. கழிப்பறைக்குப் போய்விட்டுக் கை கழுவாமல் சமைத்த சமையல்காரர்கள், முகாமைச் சுற்றி மொய்த்த ஈக்கள், தாகம் தாங்காமல் வாய்க்காலில் அள்ளிக் குடித்த இளைஞர்கள். ஒட்டகமுள் செடியைப் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். செடியின் மகிமை இருக்கட்டும். அதைக் காய்ச்சத் தண்ணீர் கொதித்தாக வேண்டுமே, காப்பாற்றியது அந்தக் கொதிதான்.

இந்தக் காமாலையில் ஒரு பகுதி, அப்போது தெரிந்திருந்த ஹெபடைடிஸ் (வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) ஏ, பி வகைகளில் சேரவில்லை. மாஸ்கோ வைரஸ் ஆய்வாளர் மிகயீல் பலயான், நோயுற்ற சிப்பாய்களின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தயிரில் கலந்து தானே குடித்தார். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் கழித்து அவருக்குக் கடுமையான காமாலை கண்டது. தம் மலத்திலேயே புதிய வைரஸ் துகள்களைப் பார்த்து 1983இல் வெளியிட்டார். இன்றைய ஆய்வு நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு அனுமதி தராது. ஹெபடைடிஸ் ஈ என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். 1955-56இல் டெல்லியின் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேரைக் காமாலையில் தள்ளியதும் இதே வைரஸ் என்பது பிற்பாடுதான் உறுதியானது.

சிப்பாய்களுக்காவது கணக்கு இருக்கிறது. அந்தப் போரால் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் ஓடிய ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியரில் எத்தனை பேர் தண்ணீரால் மாண்டார்கள் என்று எந்த ராணுவமும் குறித்து வைக்கவில்லை. போர் நடக்கும் இடமெல்லாம் இதே கதைதான். 2022இல் தெற்கு சூடானின் பென்டியு நகரில், உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் முகாமில் ஹெபடைடிஸ் ஈ பரவியபோதுதான், நோய்ப்பரவலை அடக்க அதன் தடுப்பூசி முதன்முறையாகப் பயன்பட்டது.

காமாலையோடு வருபவரிடம் நான் முதலில் விசாரிப்பது அவர் குடிக்கும் தண்ணீரை. "கேன் தண்ணீர்தான், டாக்டர்" என்பார்கள். கடையில் குடித்த ஜூஸில் மிதந்த ஐஸ்கட்டி எந்தத் தண்ணீர் என்று கேட்டால் பதில் வராது. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்க வேண்டும், வெதுவெதுப்பானால் போதாது.

பெரும்பாலோருக்கு ஹெபடைடிஸ் ஈ சில வாரங்களில் தானே தணிந்துவிடும். கர்ப்பிணிகள் கதை வேறு. கடைசி மூன்று மாதங்களில் தாக்கினால் நூற்றில் இருபது, இருபத்தைந்து பேர்வரை உயிரிழக்கக்கூடும். கர்ப்பிணியின் கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி, பத்தியம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பேச்சு குழறினாலோ, பகலிலும் தூங்கி வழிந்தாலோ, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போய்விடுங்கள்.