கிருமியை மறந்துபோன செல்கள்

புற்றுநோய் என்று சொல்லிவிட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தால், எந்த நோயாளியும் டாக்டரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். ஆனால் இரைப்பையில் வரும் ஒரு வகை லிம்ஃபோமாவுக்கு, அதாவது நிணநீர் செல்களின் புற்றுநோய்க்கு, முதல் வைத்தியமே அதுதான். 1993-இல் லண்டனில் பீட்டர் ஐசக்சன் குழுவினர் ஆறு நோயாளிகளுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரியை ஒழிக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அல்சருக்குக் காரணமாகிறதே, அதே கிருமிதான். ஐந்து பேருக்கு, அடுத்து எடுத்த பயாப்ஸியில் லிம்ஃபோமாவின் தடயமே இல்லை.

இந்த வகைக்கு மால்ட் லிம்ஃபோமா என்று பெயர். இரைப்பையின் உள்சுவரில் இயல்பாக நிணநீர் செல்கள் கூட்டம் கூடுவதில்லை. கிருமி வந்து வருடக்கணக்கில் தங்கிவிட்டால், அதை விரட்ட வந்தவையும் அங்கேயே முகாம் போட்டுவிடுகின்றன. இந்த நிணநீர் செல்களில் டி, பி என்று இரண்டு வகை உண்டு. கிருமியை அடையாளம் கண்ட டி செல்கள் தூண்டிவிட, பி செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. இத்தனை முறை பிரியும்போது எங்கோ ஒரு செல்லில் டி.என்.ஏ. பிசகி, அதன் சந்ததி மட்டும் அளவுக்கு மீறி வளர்கிறது. ஆனாலும் அதற்கு டி செல்லின் தூண்டுதல் வேண்டும். கிருமி போனால் தூண்டுதலும் போகும், அப்புறம் அந்தச் செல்கள் தாமாகவே வாடிவிடும்.

சரி, எல்லோருக்கும் ஏன் இப்படி வாடுவதில்லை?

இரைப்பை மால்ட் லிம்ஃபோமாவில் ஏறக்குறைய கால்வாசிப் பேரின் செல்களில் 11-ஆம் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கும். பி.ஐ.ஆர்.சி.3 ஜீனின் முன்பாதியும் மால்ட்1 ஜீனின் பின்பாதியும் சேர்ந்து புதிதாக ஒரு புரதம் உருவாகிறது. இயல்பான பி செல்லில், வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால்தான் மால்ட்1 தன் கூட்டாளிகளோடு சேர்ந்து வேலையைத் தொடங்கும். அதன் முடிவில் என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் செல்லின் கருவுக்குள் போய் 'பெருகு, சாகாதே' என்று உத்தரவிடும். ஒட்டுப்போட்ட புரதமோ ஒன்றோடொன்று தானே பிணைந்துகொண்டு எப்போதும் இயங்குகிறது. காலிங்பெல் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால், வாசலில் ஆள் இல்லாமலே மணி அடிக்குமே, அப்படி.

இந்த உடைப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். மால்ட்1 ஜீனின் ஒரு பக்கத்தில் சிவப்பும் மறுபக்கத்தில் பச்சையும் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து, இருட்டறையில் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நீல உருண்டையாகத் தெரியும் கருவுக்குள் ஜீன் முழுசாக இருந்தால் இரண்டும் ஒட்டி மஞ்சள் புள்ளியாகத் தெரியும். உடைந்திருந்தால் சிவப்பு ஓரிடம், பச்சை ஓரிடம்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த முரண். இந்த ஒட்டு ஜீன் உள்ள லிம்ஃபோமா பெரும்பாலும் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது. இரைப்பையைத் தாண்டிப் பரவியிருப்பதும் அதிகம். அப்படியானால் வேகமாக வளரும் பெரிய செல் லிம்ஃபோமாவாகவும் இதுதான் மாறும் என்று நினைப்போம். அது அபூர்வம். அப்படி மாறுபவை பெரும்பாலும் இந்த உடைப்பு இல்லாதவை. அவற்றில் வேறு சேதங்கள் சேர்கின்றன: 3-ஆம் அல்லது 18-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும், செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் பி16 என்ற பிரேக் தொலையும். டி.என்.ஏ. கெட்ட செல்லைப் பிரியவிடாமல் தடுக்கும் காவல் ஜீன் டி.பி.53. மெதுவாக வளரும் கட்டத்தில் செல்லில் இருக்கும் அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாவதுண்டு. பெரிய செல் கட்டத்தில் இரண்டுமே போய்விட்டதைச் சில நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, கிருமியின் தயவு தேவையில்லாமல் போவது ஒரு பாதை, வேகம் பிடிப்பது இன்னொரு பாதை. பெரிய செல்லாக மாறிய பிறகும் சில லிம்ஃபோமாக்கள் பழைய எஜமானை விடுவதில்லை. ஆரம்பக் கட்டத்தில் இருந்த அப்படிப்பட்ட நோயாளிகள் சிலர் கிருமியை ஒழித்த மாத்திரையிலேயே குணமானதை 2005-இல் தைவான் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.