காவடி மாதிரி திரும்பின செஸ்னா

போன மே மாசம் கடலூர்லேர்ந்து ஒரு தம்பி லேப்டாப்பையும் ஜாய்ஸ்டிக்கையும் ஒரே பையில திணிச்சிகிட்டு லாஸ்பேட்டைக்கு நம்ம வீட்டுக்கு வந்தான். வெளியூர்ல ஒரு ஃபிளையிங் ஸ்கூல்ல சேர்ந்திருக்கான், அப்பா கடன் வாங்கி பணம் கட்டியிருக்காரு, மூணாவது ஃபிளைட்லயே இன்ஸ்ட்ரக்டர் இவன் கையிலேர்ந்து கன்ட்ரோல வாங்கிட்டாராம். "மூக்க கடப்பாரை வச்சு நெம்பற மாதிரி இழுக்கறியே, எங்கடா கத்துகிட்ட"ன்னு கேட்டிருக்காரு. இவன் சொன்ன பதில் "வீட்ல சிமுலேட்டர்ல சார், முன்னூறு மணி நேரம்."

நான் பதினாலு வருஷம் ட்ரெயினிங் சென்டர் சிமுலேட்டர்ல வேலை பாத்தவன். நிஜ விமானம் பறந்தப்போ எடுத்த டேட்டாவோட சிமுலேட்டர் பறக்கறது ஒத்துப் போகுதான்னு டெஸ்ட் ஓட்டி பாக்கறதுதான் வேலையே. இப்ப பாண்டிச்சேரியில செட்டிலாகி வீட்லேர்ந்தே ஆட்-ஆன் (கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல தனியா சேர்த்துக்கற விமானம்) பண்றவங்களுக்கு ஃபிளைட் மாடல், அதாவது அந்த விமானம் எப்படி பறக்கணும்ங்கற கணக்க, சரி பண்ணி குடுக்கறேன். அதனால சொல்றேன், முன்னூறு மணி நேரம்ங்கறது சின்ன விஷயம் இல்ல, அத லாக்புக்ல எழுத முடியாது ஆனா கை எழுதி வச்சுக்கும்.

அவன் ஓட்டிகிட்டு இருந்தது இலவசமா எறக்கின செஸ்னா 172 ஆட்-ஆன், நாலு சீட்டு குட்டி விமானம். வெளிய பாக்க அவ்ளோ அழகு, டயர்ல சேறு, கண்ணாடியில கீறல் எல்லாம் இருக்கு. ரன்வேல விட்டா 55 நாட்ல (மணிக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம்) தூக்க வேண்டிய வண்டி 80 வந்தும் தரைய விட்டு எழுந்திரிக்கல, யோக்க (விமானத்தோட ஸ்டீயரிங்) வயித்து வரைக்கும் இழுத்தா திடீர்னு எகிறுது, எகிறின மூக்க நிறுத்த எதிர் பக்கம் தள்ளணும், தள்ளினா கீழ போய்கிட்டே இருக்கு, மறுபடி இழுக்கணும். இதையே முன்னூறு மணி நேரம் பழகினவன் நிஜ 172ல ரெண்டு விரல் அழுத்தத்துல தூக்க வேண்டியத ரெண்டு கையால இழுத்தா இன்ஸ்ட்ரக்டர் வேற என்ன செய்வாரு.

எல்லாரும் போல இவனும் முதல்ல என்ன பண்ணியிருக்கான், ஃபைல திறந்து எலிவேட்டர் (மூக்க ஏத்தி எறக்கற வால் பலகை) எஃபெக்டிவ்னஸ் 1.0ன்னு இருந்தத 3.5 ஆக்கியிருக்கான், "வேலை செய்யுதுணா, இப்ப தூக்குது" அப்டின்றான். தூக்கத்தான் செய்யும். சாம்பார்ல உப்பு தூக்கலா போச்சுன்னு புளிய கரைச்சு ஊத்தினா உப்பு தெரியாது, ஆனா அது சாம்பார் இல்ல. ஃபிளைட் ட்யூனிங் பகுதியில இருக்கற அந்த ஸ்கேலர், அதாவது பெருக்கற நம்பர், எல்லாம் கடைசியா அரைக்கா ஸ்பூன் சேர்க்கறதுக்கு. எடை, சிஜி (எடையோட மையப் புள்ளி), இனர்ஷியா (திரும்பறதுக்கு காட்டற எதிர்ப்பு) மூணும் சரியா இல்லாம அதுல கை வைக்கவே கூடாது. வர்றவங்கள்ல பாதி பேருக்கு நான் செய்யற வேலையே அவங்க ஏத்தி வச்ச ஸ்கேலர எறக்கறதுதான்.

ஃபைலுக்கு முன்னாடி ஜாய்ஸ்டிக். இத சொன்னா எல்லாருக்கும் கோவம் வருது, ஆனா நான் பாத்ததுல நிறைய "விமானக் கோளாறு" மேசை மேலதான் இருந்துச்சு. நம்ம பக்கம் உப்புக்காத்து வேற, உள்ள அசைவ அளக்கற பாட் அழுக்காகி நடுவுல வச்சாலும் கர்சர் துடிச்சிகிட்டே இருக்கும். இவனோடதுல லேசா துடிப்பு இருந்துச்சு, கான்டாக்ட் க்ளீனர் அடிச்சோம், நடுவுல லேசா அசஞ்சா கண்டுக்காத மாதிரி சின்னதா டெட் ஸோன் வச்சோம், அவ்ளோதான். இன்னொண்ணு, நிஜ விமானத்துல ட்ரிம் பண்ணா யோக் அங்கயே நிக்கும், கையில இருக்கற பாரம் மட்டும் கொறயும். ஸ்ப்ரிங் ஜாய்ஸ்டிக் எப்பவும் நடுவுக்குத்தான் ஓடும், அதனால ட்ரிம் பண்ணிகிட்டே குச்சிய மெதுவா நடுவுக்கு விடணும். இத ஆட்-ஆன் மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல.

அப்பறம் டெஸ்ட். லைவ் வெதர ஆஃப் பண்ணேன், காத்து இல்ல, 15 டிகிரி, 1013 பிரஷர், எடை முழுசா 2550 பவுண்டு, 3000 அடியில 100 நாட்டுக்கு ட்ரிம். யோக்க லேசா இழுத்து பத்து நாட் கொறச்சிட்டு கைய விட்டுட்டேன். விமானம் தன்னால மெதுவா கீழ போய் வேகம் புடிச்சு மேல ஏறி திரும்ப கீழ வரும், இதுக்கு பேரு ஃபியூகாய்ட். ஊஞ்சல் மாதிரி, ஒரு ஆட்டத்துக்கு எவ்ளோ நேரம்னு கிட்டத்தட்ட வேகம்தான் முடிவு பண்ணும், 100 நாட்டுக்கு கணக்கு போட்டா 23 செகண்டு சொச்சம் வரும். இதுல 25 வந்துச்சு. நல்லா இருக்கு.

அடுத்து யோக்க ஒரு தட்டு தட்டி விட்டேன். நிஜ 172ல மூக்கு ஒரு தடவ அசஞ்சு ரெண்டு செகண்டுக்குள்ள அடங்கிடும், நம்ம கண்ணுக்கே சரியா தெரியாது. இதுல மூக்கு யோசிச்சு யோசிச்சு மேல போச்சு, நின்னுச்சு, கீழ வந்துச்சு, ஒரு ஆட்டம் முடிய எட்டு செகண்டு. நீள ஆட்டம் சரி, குட்டி ஆட்டம் மட்டும் தப்புன்னா கை நேரா இனர்ஷியா வரிக்குத்தான் போகணும், ஏன்னா ஃபியூகாய்டுக்கு அது பெருசா தேவப்படாது, குட்டி ஆட்டத்துக்கு அதுதான் உயிர்.

இனர்ஷியான்னா என்னன்னு அவனுக்கு மயிலம் பங்குனி உத்திரத்த வச்சுதான் சொன்னேன். காவடி எடுக்கறவர் திரும்பறத பாரு, எடை தோள் மேல இருந்தா சட்டுனு திரும்புவாரு, அதே எடைய ரெண்டு நுனியில கட்டி தொங்க விட்டா திரும்ப ஆரம்பிக்கவும் நேரமாகும், திரும்பினத நிறுத்தவும் நேரமாகும். மொத்த எடை மாறல, நடுவுலேர்ந்து எவ்ளோ தூரத்துல இருக்குங்கறதுதான் மாறுச்சு, அதுவும் தூரத்தோட வர்க்கத்துல.

ஃபிளைட் மாடல் ஃபைல்ல எம்ப்டி வெயிட் பிட்ச் எம்ஓஐ (காலி விமானத்தோட மூக்கு மேல கீழ அசையறதுக்கான இனர்ஷியா) வரிய பாத்தா 43306ன்னு இருக்கு. சிரிச்சிட்டேன். ஜேஎஸ்பிசிம்ங்கற ஓப்பன் சோர்ஸ் ஃபிளைட் மாடல்ல 172க்கு பிட்ச் 1346, ரோல் (பக்கவாட்டுல சாயறது) 948, யா (இடவலமா திரும்பறது) 1967ன்னு ரொம்ப நாளா இருக்கு, அலகு ஸ்லக் அடி சதுரம் (ஒரு ஸ்லக் 32.174 பவுண்டு). 1346ஐ 32.174ஆல பெருக்கி பாருங்க, 43306. யாரோ ஒரு புண்ணியவான் பவுண்டு அடி சதுரத்துல மாத்தி எழுதிட்டாரு, சிமுலேட்டர் அத ஸ்லக்னு எடுத்துகிச்சு. முப்பத்திரண்டு மடங்கு! குட்டி ஆட்டத்தோட நேரம் இனர்ஷியாவோட வர்க்கமூலத்துல ஏறும், அதாவது அஞ்சரை மடங்குக்கு மேல, ஒண்ணரை செகண்டு எட்டு செகண்டா ஆனதுக்கு கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப் போச்சு. இதே மாதிரி கிலோகிராம்-மீட்டர் சதுரத்துல இருக்கற நம்பர அப்படியே ஒட்டினவங்களும் உண்டு, அது 1.36 மடங்குதான் தப்பு, அதனால கண்டுபுடிக்கறது இன்னும் கஷ்டம்.

1346 போட்டு பறந்தா இப்ப விமானம் கொசு மாதிரி துள்ளுது. பையன் பயந்துட்டான், "கெடுத்துட்டீங்களேணா"ன்றான். கெடுக்கல தம்பி, நீ போட்ட 3.5 இப்பதான் வெளிய தெரியுது. அத 1.0க்கு கொண்டு வந்ததும் காத்துல சாதுவாயிடுச்சு.

ஆனா ரன்வேல இன்னும் 55ல தூக்கல. இதுக்குத்தான் ஒரு மத்தியானம் பூரா போச்சு. கியர் பாயின்ட்ட பாத்தேன், சிஜிய பாத்தேன், காலி விமானத்துக்கு எல்லாம் சரியாதான் இருக்கு. கடைசியில பின்சீட்டு ரெண்டு பேர எறக்கி விட்டுட்டு ஓட்டினா அம்சமா 55ல எழுந்திரிக்குது. ஆள் ஏத்தினா ஒட்டிக்குது. நிஜத்துல இது நேர் எதிரா இருக்கணும், பின்னாடி ஆள் ஏறினா சிஜி பின்னாடி போய் யோக் இன்னும் லேசாகணும். 172 ஹேண்ட்புக்ல ஃபயர்வால்லேர்ந்து (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) முன்சீட்டு 37 இன்ச், பின்சீட்டு 73 இன்ச். சிமுலேட்டர் ஃபைல்ல அடி கணக்கு, முன்னாடி போனா பிளஸ், பின்னாடி போனா மைனஸ். பின்சீட்டு மைனஸ் 6.08 இருக்கணும், ஆட்-ஆன் பண்ணவர் மைனஸ் போட மறந்துட்டாரு. அந்த ரெண்டு பேரும் புரொப்பெல்லருக்கும் முன்னாடி காத்துல உக்காந்துகிட்டுதான் முன்னூறு மணி நேரமா கூட வந்திருக்காங்க! ஒரு கோடு. சிஜி ஒண்ணரை அடிக்கும் மேல முன்னாடி போயிருக்கு.

இங்க கொஞ்சம் நிறுத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா "கேம்தானே"ன்னு சொல்றவங்க இருக்காங்க. 2001 நவம்பர் 12ஆம் தேதி நியூயார்க்லேர்ந்து கிளம்பின அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, ஏர்பஸ் ஏ300, முன்னாடி போன பெரிய விமானத்தோட காத்துச் சுழல்ல மாட்டினப்போ கோ-பைலட் ரட்டர (விமானத்த இடவலமா திருப்பற வால் பலகை, காலால மிதிக்கறது) இடமும் வலமும் மாத்தி மாத்தி முழுசா மிதிச்சதுல வால் செங்குத்துத் துண்டு பிச்சிகிட்டு போச்சு, தரையில இருந்த அஞ்சு பேரோட சேர்த்து 265 பேர் செத்தாங்க. அந்த ரட்டர் சிஸ்டம் ரொம்ப சென்சிடிவா இருந்ததும் ஒரு காரணம்னு விசாரணையில சொன்னாங்க, அதோட கம்பெனி குடுத்த ட்ரெயினிங்கையும் காரணத்துல சேத்தாங்க. அந்த ட்ரெயினிங்ல ஒரு சிமுலேட்டர் பயிற்சி, விமானம் பொரண்டுகிட்டு போறப்போ கொஞ்ச நேரம் கன்ட்ரோலுக்கு பதிலே சொல்லாத மாதிரி செட் பண்ணியிருந்தாங்க, அது காத்துச் சுழல பத்தி மிகையான பயத்த பைலட்டுக்கு குடுத்திருக்கலாம்னு அறிக்கையில இருக்கு. அது கோடி ரூபா ப்ரொஃபஷனல் சிமுலேட்டர். பதில் சொல்லாத விமானத்துல பழகின கை பதில் சொல்ற விமானத்துல என்ன செய்யும்னு யோசிச்சு பாருங்க, நம்ம பையன் செஞ்சதும் சின்ன அளவுல அதேதான்.

சரி, மிச்சம். ஸ்டால் (வேகம் கொறஞ்சு றெக்கை தூக்கறத விடறது) பாத்தோம், ஃபிளாப் (றெக்கைக்கு பின்னாடி எறக்கற பலகை) இல்லாம செகண்டுக்கு ஒரு நாட் வீதம் கொறச்சுகிட்டே போனா 48ல விழணும், 49ல விழுந்துச்சு, அத நான் தொடல. ஒரு நாட்டுக்காக லிஃப்ட்ல கை வைக்கறவங்க அப்பறம் க்ரூஸ்ல அழுவாங்க. கிளைடு, அதாவது இன்ஜின் இல்லாம மிதக்கறது, அதுதான் சிரிப்பு. "3000 அடியில லாஸ்பேட்டை ஏர்போர்ட் மேல த்ராட்டில மூடினா எங்க ஊரு சில்வர் பீச் வரைக்கும் வந்துடுவேன்ணா"ன்னு பெருமையா சொன்னான். நேர் கோட்டுல 25 கிலோமீட்டர். 172 இன்ஜின் இல்லாம 68 நாட்ல 1000 அடிக்கு ஒண்ணரை நாட்டிகல் மைல்தான் மிதக்கும், அப்ப 3000 அடிக்கு எட்டு கிலோமீட்டர் சொச்சம், அரியாங்குப்பம் வந்தாலே பெரிய விஷயம். த்ராட்டில மூடியும் புரொப்பெல்லர் முன்னாடி இழுத்துகிட்டே இருந்துச்சு, புரொப்பெல்லர் டேபிள்ல கோளாறு, அத திருத்தினேன். இஞ்சின் நின்னா எங்க எறக்கறதுன்னு யோசிக்கற பழக்கமே இந்த மாதிரி ஆட்-ஆன்ல போயிடும், எனக்கு எலிவேட்டர விட இதுதான் பயமா இருந்துச்சு.

அடுத்த நாள் ஃபோன் பண்றான், "ணா ஏறவே மாட்டேங்குது, புக்ல நிமிஷத்துக்கு 730 அடின்னு போட்டிருக்கு, 650தான் வருது, பவர் கூட்டட்டுமா?" லைவ் வெதர் போட்டியான்னு கேட்டேன். போட்டிருக்கான். மே மாசம், மத்தியானம், பாண்டிச்சேரி, 38 டிகிரி. அந்த 730 கடல் மட்டத்துல 15 டிகிரிக்கு சொன்னது. சூடு ஏறினா காத்து மெலிசாகும், மேல ஏறின மாதிரி, டிகிரிக்கு 120 அடின்னு வச்சா கூடுதலான 23 டிகிரிக்கு கிட்டத்தட்ட 2800 அடி, அதாவது லாஸ்பேட்டை ரன்வேல நிக்கறப்பவே விமானம் தான் 2800 அடி ஒசரத்துல இருக்கறதா நெனச்சுக்கும். 650 சரியான பதில். ஃபோன வைடான்னேன். நல்லா இருக்கறத சரி பண்றதும் ஒரு வியாதி.

ஃபைல்ல கை வைக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்த. ஒரிஜினல காப்பி எடுத்து தனி ஃபோல்டர்ல தேதி போட்டு வைங்க, ஒரு தடவைக்கு ஒரே ஒரு நம்பர மட்டும் மாத்துங்க, என்ன மாத்தினீங்கன்னு நோட்ல எழுதுங்க, ஆட்-ஆன் அப்டேட் வந்தா நீங்க மாத்தினது காணாம போகும். காசு குடுத்து வாங்கினத திருத்தி மத்தவங்களுக்கு குடுக்காதீங்க, பண்ணவருக்கு மெயில் போடுங்க. இந்த மைனஸ் விஷயத்த அவருக்கு நான் எழுதினேன், ரெண்டே நாள்ல திருத்தி நன்றி சொல்லி போட்டிருந்தாரு, நல்ல மனுஷன்.

ஜூலைல தம்பி திரும்ப வந்தான். இழுக்கறத பத்தி இன்ஸ்ட்ரக்டர் இப்ப ஒண்ணும் சொல்றதில்லையாம். இப்ப திட்டு காலுக்கு. ஜாய்ஸ்டிக்க முறுக்கி ரட்டர் போட்டு பழகினதால டேக்-ஆஃப்ல விமானம் இடது பக்கம் இழுக்கறப்போ வலது கால் சும்மா இருக்கு, கை மட்டும் முறுக்க பாக்குது. இதுக்கு எந்த ஃபைல்லயும் வரி கிடையாது. செகண்ட் ஹேண்ட் ரட்டர் பெடல் ஒண்ணு தேடிகிட்டு இருக்கோம், பாண்டி கடலூர் பக்கம் யார் வீட்டு பரண்லயாவது தூங்கிகிட்டு இருந்தா சொல்லுங்க.