தேற்றரவு, தேற்றரவாளன்: சொல் விளக்கம்

தேற்றரவு என்றால் கலங்கிய மனத்தைத் தெளியச் செய்தல். அதைச் செய்பவர் தேற்றரவாளன். பொதுத் தமிழில் அருகிப்போன இந்தச் சொல்லை இப்போது பெரும்பாலும் கிறிஸ்தவ வீடுகளில்தான் கேட்க முடிகிறது. ஆனால் இதன் வேர் எல்லார் வாயிலும் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் துக்க வீட்டுக்குப் போவதைக் கேதம் கேட்கப் போவது என்பார்கள். வந்தவர்கள் கிளம்பும்போது, பெற்றவரைப் பறிகொடுத்த பிள்ளையின் கையைப் பிடித்து, "மனசத் தேத்திக்கப்பா" என்பார்கள். எந்த மதத்தார் வீடானாலும் சொல்வது அதைத்தான். வேதப்புத்தகமான பைபிளின் தேற்றரவும் இந்தத் 'தேத்திக்க'வும் உடன்பிறந்தவை.

தேறு என்றால் தெளி. தேற்று என்றால் தெளியச்செய். அதனோடு, இலக்கண நூல்கள் எடுத்துச் சொல்லும் தொழிற்பெயர் விகுதிகளுள் ஒன்றான 'அரவு' சேர்ந்து தேற்றரவு ஆயிற்று. தோற்றரவு என்ற சொல்லும் இப்படி அமைந்ததுதான். 'தேற்றறவு' என்று எழுதுவது பிழை. அப்படி எழுதினால் தேற்றம் அற்றுப்போதல் என்று பொருள் தலைகீழாகிவிடும்.

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேரை விளக்கத் தேத்தாங்கொட்டை போதும். மழையை நம்பிய வறண்ட சீமை இது. ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர்கள். புதுமழை விழுந்தால் ஊருணி கலங்கிக் கிடக்கும். அந்தத் தண்ணீரை ஊற்றுமுன் மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசித் தேய்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். எழுத்து வழக்கில் அது தேற்றாங்கொட்டை, தேற்றா மரத்தின் விதை. கலித்தொகையின் நெய்தற்கலிப் பாட்டு ஒன்றில், பிரிவால் நிலைகுலைந்திருந்தவள் தலைவன் திரும்பி வந்ததும் "காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல்" தெளிந்தாள் என்று வருகிறது. காழ் என்றால் விதை. நோயிலிருந்து உடம்பு தேறுவதும், பரீட்சையில் தேறுவதும், "தேறற்க யாரையும் தேராது" (509) என்ற குறளில் நம்புதல் என்ற பொருளில் வருவதும் இதே சொல்தான்.

பானைக்குள் இருந்த மண் எங்கும் போய்விடுவதில்லை, அடியில்தான் இருக்கிறது. ஆட்டினால் மறுபடி கலங்கும். என் அம்மா இறந்தபோது "நாளானா மறந்துரும்" என்றவர்களின் பேச்சைவிட "தேத்திக்க" என்றவர்களின் பேச்சு எனக்கு உண்மையாகப் பட்டது. அவர்கள் என்னை மறக்கச் சொல்லவில்லை.

ஆறுதல் வேறு. பால் ஆறுவதுபோல், புண் ஆறுவதுபோல், கொதிப்பும் வலியும் தணிவது அது. வேதத்தின் ஏசாயா புத்தகத்தில் (40:1) எபிரேய மூலம் 'நஹமூ, நஹமூ' என்று ஒரே சொல்லை இருமுறை சொல்கிறது. பழைய திருப்புதல் எனப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்கிறது. முதலில் தணிய வேண்டும், பிறகுதான் தெளியும் என்று அறிந்த காது அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு இருந்திருக்கிறது. வேதத்தில் வரும் நாகூம், நெகேமியா என்ற பெயர்களும் அந்த எபிரேய வேரிலிருந்து வந்தவையே.

யோவான் சுவிசேஷத்தில் தேற்றரவாளன் என்பது பரிசுத்த ஆவியானவரின் பெயர். அதற்கு மூலமான கிரேக்கச் சொல் 'பாராக்ளேத்தோஸ்'. பக்கத்தில் வரும்படி அழைக்கப்பட்டவர் என்பது அதன் நேர்ப்பொருள். வழக்கில் சிக்கியவனுக்காக உடன் நின்று பேசுபவரையும் கிரேக்கர்கள் அப்படி அழைத்தார்கள். புதிய ஏற்பாட்டில் இச்சொல் ஐந்தே இடங்களில் வருகிறது: யோவான் சுவிசேஷத்தில் நான்கு, யோவானின் முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், ஒன்று. சுவிசேஷத்தில் தேற்றரவாளன் என்று போட்ட பழைய திருப்புதல், நிருபத்தில் (2:1) "பரிந்து பேசுகிறவர்" என்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அவர் துணையாளர். கிரேக்கத்துக்கு நெருக்கமானது துணையாளர்தான், அதை மறுக்க முடியாது. ஆனாலும் துக்கத்தில் இருப்பவருக்கு நான் தேற்றரவாளன் என்றே சொல்வேன். துணையாளர் உடன் இருப்பதைச் சொல்கிறது. தேற்றரவாளன் உடன் இருந்து நமக்கு என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

பெற்றோரை இழந்தவர்கள் பலரும் தேடிப் போவது ஏசாயா 66:13-க்கு: "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்." தேற்றிக்கொண்டிருந்த தாயே போன பிறகு இந்த வசனம் முதலில் குத்தத்தான் செய்யும். எனக்கும் குத்தியது. அப்போது கைகொடுத்தது ஈசாக்கின் கதை. ரெபெக்காளை மணந்த பிறகே அவன் "தன் தாய்க்காகக் கொண்டிருந்த துக்கம் நீங்கி ஆறுதல் அடைந்தான்" என்கிறது ஆதியாகமம் 24:67. அவன் தாய் சாராள் இறந்தது 127 வயதில். ஈசாக்கை அவள் பெற்றது தொண்ணூறு வயதில். அவன் மணம் முடித்தது நாற்பதில். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவன் அந்தத் துக்கத்தைச் சுமந்திருக்கிறான். வேதம் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை. முதலாண்டு நினைவு ஜெபம் முடிந்தும் அழுகை நிற்கவில்லையே என்று குன்றிப்போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இச்சொல்லுக்கு எதிர்மறையான ஆட்சியும் உண்டு. பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு தன் நண்பர்களைப் பார்த்து, "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" (16:2) என்கிறான். அலட்டு என்றால் தொல்லை. ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அவர்கள். அதுவரை நல்ல தேற்றரவாளராகவே இருந்தார்கள். காரணம் கண்டுபிடித்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் அலட்டாகிப் போனார்கள். கேதம் கேட்கப் போகிற நாமும் நினைவில் வைக்க வேண்டிய இடம் இது.

நினைவு அட்டையில் வசனம் போடுகிறவர்கள் பெரும்பாலும் யோவான் 14:1-3-ஐப் போடுகிறார்கள். அது இறந்தவரின் வாசஸ்தலத்தைப் பற்றியது. இருக்கும் பிள்ளைகளுக்கான வசனங்கள் அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி இருக்கின்றன. 16-ஆம் வசனம் "வேறொரு தேற்றரவாளனை" வாக்களிக்கிறது. 'வேறொரு' என்பதால், அதுவரை அந்த இடத்தில் இருந்தவர் இயேசுவே என்று ஆகிறது. 18-ஆம் வசனம், "நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடேன்" என்கிறது. அங்கே கிரேக்கத்தில் இருப்பது பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் குறிக்கும் 'ஒர்ஃபனோஸ்'. ஐம்பது வயதில் தாயை இழந்தவருக்கும் அந்தச் சொல் பொருந்தும். இடம் இருந்தால் இரண்டு வசனங்களையும் சேர்த்தே அச்சிடுங்கள்.