ஞாயிற்றுக்கிழமை வீரர்களுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் புலம்பல்

போன வாரம் வந்தவருக்கு வயது 41. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. ஐந்து வருடமாக எந்த உடற்பயிற்சியும் கிடையாது. அலுவலகத்தில் பேட்மின்டன் போட்டி வைத்தார்கள். பெயர் கொடுத்தார், நேராகக் களத்தில் இறங்கிவிட்டார். இரண்டாவது ஆட்டத்தில் ஷட்டிலை எடுக்கப் பாய்ந்தபோது, குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து ஓங்கி உதைத்த மாதிரி இருந்ததாம். "பின்னாடி நின்ன பார்ட்னரைத்தான் முறைச்சேன் மேடம்" என்றார்.

"யாரோ உதைச்ச மாதிரி" என்று ஆரம்பித்தாலே மிச்சக் கதையை நான் சொல்லிவிடுவேன். அக்கிலிஸ் தசைநாண் அறுந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேருமே நாற்பதை ஒட்டிய வயது, மூன்று பேருமே "இனிமேலாவது உடம்பைப் பார்த்துக்கணும்" என்று ஒரே நாளில் கிளம்பியவர்கள்.

நடுவில் ஒன்று. அறுந்தது நரம்பு இல்லை. தமிழில் நமக்கு எல்லாமே நரம்புதான்: கழுத்தில் நரம்பு பிடித்துக்கொள்ளும், முதுகில் நரம்பு பிசகும், காலில் நரம்பு அறுந்துபோகும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் தடித்த கயிறு அது. பெயர் தசைநாண். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"இத்தனை வருஷம் ஏன் சார் ஒண்ணுமே செய்யலை?" என்று கேட்டேன். "நேரம் எங்க மேடம் இருக்கு? டெய்லி ஒரு மணி நேரம் கிடைச்சா பண்ண மாட்டேனா?"

அந்த "ஒரு மணி நேரம்" என்பதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் சொன்னார்கள் ஒரு மணி நேரம் என்று? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்குச் சொல்லியிருப்பது 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வாரத்துக்கு. நாளைக்கு இல்லை, வாரத்துக்கு. கொஞ்சம் கடுமையாகச் செய்பவர்களுக்கு அதில் பாதி போதும். 150-ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள், 22 நிமிடம்கூட வராது. ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள் இருக்கின்றன. அதில் 150 கேட்கிறோம்.

அந்த 22 நிமிடமும் ஒரே மூச்சில் வேண்டும் என்றில்லை. முன்பு ஒரு நிபந்தனை இருந்தது: குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று. 2020-இல் அதையும் தூக்கிவிட்டார்கள். காலையில் 7 நிமிட வேக நடை, மதியம் 4 நிமிடம் மாடிப்படி, மாலையில் மிச்சம், எல்லாமே கணக்கில் சேரும். நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள், அப்புறம் "ஜிம்முக்கு எந்த நேரம் போனா நல்லது மேடம்?" என்பார்கள்.

மிதமானது என்றால் எவ்வளவு? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான், அதற்கென்று கைக்கடிகாரம் வாங்க வேண்டாம். நடக்கும்போது அடி எண்ணுகிறவர்களுக்கும் ஒரு தகவல்: தினமும் பத்தாயிரம் அடி எடுத்து வைக்க வேண்டும் என்பது எந்த மருத்துவக் குழுவும் உட்கார்ந்து முடிவு செய்தது இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது நடை அடிகளை எண்ணும் ஒரு கருவி, அதன் பெயரே "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பொருள்படும். பெயர் நன்றாக இருந்ததால் உலகமே பிடித்துக்கொண்டது. அதைவிடக் குறைந்த அடிகளிலேயே நல்ல பலன் இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. 6,000 நடந்துவிட்டுத் தோற்றுப்போன முகத்தோடு யாரும் என்னிடம் வர வேண்டாம்.

வேலையோடு சேர்ந்த அசைவும் வீண் இல்லை. 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளரும் குழுவினரும் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை வைத்து வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் புகழ்பெற்றது. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நடத்துநர்கள் யாரும் அதற்காக விடியற்காலையில் எழவில்லை. ஆனால் ஒன்று, "நான்தான் நாள் முழுக்க நிக்கிறேனே மேடம், அதுவே எக்சர்சைஸ்தானே" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. அவர்கள் ஏறி இறங்கினார்கள், நீங்கள் நிற்கிறீர்கள். நின்றால் கால்தான் வீங்கும்.

அப்படியானால் ஞாயிறு மட்டும் விளையாடுவது தப்பா என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. வார இறுதி இரண்டு நாளில் அந்த 150 நிமிடத்தை முடிப்பவர்களுக்கும் இதயத்துக்கு ஏறக்குறைய அதே பலன் கிடைப்பதாகப் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. என் சண்டை ஞாயிற்றுக்கிழமையோடு இல்லை. திங்கள் முதல் சனி வரை நாற்காலியில் இருந்த கால்களை, ஞாயிறு விடிந்ததும் இருபது வயதுக் கால்களாக நினைத்துக்கொள்வதோடுதான். தசை சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாண் மெதுவாகத் தேறுகிற ஜாதி, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது வாரம் "நல்லா பலம் வந்துடுச்சு" என்று வேகத்தைக் கூட்டுகிறீர்களே, அங்கேதான் மாட்டிக்கொள்கிறீர்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, முட்டியை மடக்காமல் குதிகாலை முழுசாக உயர்த்தி இறக்குங்கள். 20 தாண்டினால் பரவாயில்லை. பத்திலேயே கால் நடுங்கினால் தயவுசெய்து போட்டிக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

சரி, வேலை நாளில் எங்கே நுழைப்பது? ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். பல் தேய்க்கும்போது குதிகால் உயர்த்துவது. தொலைபேசியில் பேசும்போது நடப்பது. சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிட நடை, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதில் இரட்டை லாபம். கூட்டம் முடிந்து எழும்போது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது. பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஒரு மாதம் கழித்து அவரும் செய்வார், நான் பார்த்திருக்கிறேன். "நேரம் கிடைக்கும்போது நடப்பேன்" என்பவர்கள் நடந்து நான் பார்த்ததில்லை. காலண்டரில் மீட்டிங் மாதிரி போட்டு வைப்பவர்கள் நடக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் முதலில் தூங்குங்கள். தூக்கத்தை வெட்டி உடற்பயிற்சி செய்யச் சொல்லி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் திருப்புவதில்லை. முப்பதைத் தாண்டியதும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பிக்கிறது. வெயிட் தூக்கினால் உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுமே என்று பயப்படும் பெண்களே, அப்படி ஆவதற்கு ஆண்களே வருடக்கணக்கில் படாதபாடு படுகிறார்கள். சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப்பில் தொடங்குங்கள்.

இனி திட்டு. உங்களால் முடியும் என்று தோன்றுவதில் பாதியை முதல் இரண்டு வாரம் செய்யுங்கள். ஐந்து நிமிடமாவது உடம்பைச் சூடாக்காமல் ஓடாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு விளையாடுவது வீரம் இல்லை. வலிதான் உங்களுக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை மணி, அதன் வாயை அடைத்துவிட்டு ஓடுகிறீர்கள். காய்ச்சல் இருந்தால் ஓய்வு. இன்சுலின் போடுபவர்கள் பையில் சர்க்கரை வைத்திருங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ வருகிற உடம்பு வலி சகஜம், தானாகப் போய்விடும். ஆனால் திடீரென்று நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழுந்த பிறகு தசை வீங்கி, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். "வாயுவாக இருக்கும்" என்று தயவுசெய்து நீங்களே முடிவு செய்யாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். ஏற்கெனவே இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் தொடங்கும் முன்பே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

பேட்மின்டன்காரர் இப்போது குதிகாலைத் தூக்கி வைக்கும் பூட்ஸில் இருக்கிறார். மீண்டும் களத்தில் இறங்க ஆறு மாதமாவது ஆகும், ஒரு வருடமும் ஆகலாம். பூட்ஸைக் கழற்றியதும் வாரம் மூன்று நாள் என்னிடம் சிகிச்சை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம், போக வர ஆகும் நேரம் தனி. அட்டவணையைக் கையில் கொடுத்ததும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார். அதுவரை வீட்டில் படுத்தபடியே தினமும் 15 நிமிடம் செய்ய இடுப்புக்கும் தொடைக்கும் சில பயிற்சிகள் எழுதிக் கொடுத்தேன். வாசல் வரை போனவர் ஊன்றுகோலோடு திரும்பி நின்றார். "பதினஞ்சு நிமிஷம் கொஞ்சம் கஷ்டம் மேடம். வேலை ரொம்ப ஜாஸ்தி."