மிளகு மணக்கும் திராட்சை

பாட்டிலைத் துணியால் சுற்றிவிட்டு கிளாஸை மட்டும் நீட்டினால், அந்தச் சிவப்பு ஒயின் எந்தத் திராட்சையில் செய்தது என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் ஊகம்தான். ஆனால் சில ரகங்கள் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். இத்தாலியில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய ஃப்ரியூலி பகுதியின் ஸ்கியோப்பெட்டீனோ அப்படிப்பட்டது. அழியும் நிலைக்குப் போன ரகம். 1970களில் ரபூட்ஸி தம்பதி மிச்சமிருந்த கொடிகளைத் தேடிப்பிடித்து வளர்த்ததால் பிழைத்தது.

கிளாஸில் மூக்கை வைத்தால், அப்போதுதான் இடித்த மிளகின் வாசனை. பேச்சுக்குச் சொல்வதல்ல, மிளகில் இருக்கும் அதே பொருள்தான் இதிலும் இருக்கிறது: ரோட்டண்டோன். மிளகின் காரம் பைப்பரினால் வருவது; மணத்துக்கு முக்கியக் காரணம் ரோட்டண்டோன். நம் வயல்களில் களையாக மண்டும் கோரையின் கிழங்கில்தான் இதை முதலில் கண்டறிந்தார்கள். ஆனால் அப்போது அதன் மணத்தின் பக்கம் யாரும் போகவில்லை. ஷிராஸ் (சிரா திராட்சையின் ஆஸ்திரேலியப் பெயர்) ஒயினில் மிளகு வாசனை எங்கிருந்து வருகிறது என்று துருவிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல்தான் இதைப் பிடித்தார்கள். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். அதாவது ஒரு கிராம், 6 கோடி லிட்டர் ஒயினுக்குப் போதும்! 2011இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு, ஸ்கியோப்பெட்டீனோவில் இது தாராளமாக இருப்பதைக் காட்டியது.

சரி, மிளகு மணத்தால் விடை சொல்லிவிடலாமா? முடியாது. பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கு சிராவும் மிளகு மணக்கும். அங்கேதான் நாக்கு உதவிக்கு வர வேண்டும். சிரா பொதுவாக வாயில் கனமாக நிற்கும், துவர்ப்பும் கூடுதல். ஸ்கியோப்பெட்டீனோ அவ்வளவு கனமில்லை. புளிப்பு தூக்கலாக இருக்கும். இதிலும் வானிலை குழப்பும். ரோட்டண்டோன் பழத்தின் தோலில் சேர்வது. குளிர்ந்த ஆண்டில் அதிகம், வெயில் கொளுத்திய ஆண்டில் குறைவு. ஆகவே மிளகு மணம் இல்லை என்பதை மட்டும் வைத்து இந்த ரகத்தைத் தள்ளிவிட முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் மூக்கிலேயே இருக்கிறது. 2008 ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம் கலந்தும் ரோட்டண்டோன் வாசனையே தெரியவில்லை. பயிற்சிக் குறைவென்று அவர்களைக் கேலி செய்வது நியாயமில்லை. ஒரே மேசையில் ஒருவர் “மிளகு அள்ளுகிறதே” என்பார், பக்கத்தில் இருப்பவர் “எங்கே?” என்பார். இருவர் சொல்வதும் உண்மை. அந்த இரண்டாமவர் புளிப்பு, துவர்ப்பு, கருநிறப் பழ மணம் ஆகியவற்றை வைத்தே இந்த ரகத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.