தடுப்பு முகாமா, தடுத்துவைப்பு நிலையமா?

விசா இல்லாமல் ஒரு நாட்டுக்குள் வந்தவர்களை அந்நாட்டு அரசு பிடித்து வைக்கும் இடமான 'இமிக்ரேஷன் டிடென்ஷன் சென்டர்' என்பதைத் தமிழ்ச் செய்திகள் பெரும்பாலும் 'தடுப்பு முகாம்' என்று எழுதுகின்றன. பழகிவிட்ட சொல்தான். ஆனால் அதற்குள் இருக்கும் இரண்டு சொற்களுமே சரியாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

'டிடென்ஷன்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் வேர் 'டெனேரே', அதாவது பிடித்திருத்தல். முன்னொட்டும் சேர்ந்தால், போகவிடாமல் பிடித்து வைத்திருத்தல். தமிழில் இதற்குத் 'தடுப்பு' எப்படி வந்தது? நமக்கு ஏற்கெனவே 'தடுப்புக் காவல்' உண்டு. குண்டர் சட்டச் செய்திகளில் அன்றாடம் வருவது. அதில் தடுப்பு என்பது குற்றம் நடக்காமல் முன்கூட்டியே தடுப்பதைக் குறிக்கும். ஆளைப் பிடித்து வைப்பதைக் குறிப்பது 'காவல்' என்ற சொல். காவல் உதிர்ந்து தடுப்பு மட்டும் மிஞ்சியபோது, அது தன் பொருளோடு காவலின் பொருளையும் சுமக்க வேண்டியதாயிற்று. ஈழத்தில் 2009க்குப் பிறகு அந்த மாற்றம் முழுமையடைந்தது. 'தடுப்பில இருந்தவர்', 'தடுப்பால வந்தவர்' என்றால், போர் முடிந்தபின் அரசு பிடித்து வைத்திருந்தவர் என்று அங்கே எல்லோருக்கும் புரியும்.

'முகாம்' அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்தது. தங்குமிடம், வழியில் இறங்கி இளைப்பாறும் இடம் என்பது பொருள். மருத்துவ முகாம், கோடைகால முகாம் எல்லாம் சில நாளில் கலைந்துவிடுபவை. சிக்கல் இங்கேதான். கலையாத ஒன்றுக்கு இந்தப் பெயரை வைக்கலாமா?

ஆஸ்திரேலியா அப்படியொரு இடத்தைக் கட்டிய கிறிஸ்மஸ் தீவைப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலில் ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். 1643இல் கிறிஸ்மஸ் நாளன்று கடந்து சென்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் தலைவர் வைத்த பெயர் அது. பாஸ்பேட் சுரங்கத்துக்காக மனிதர் குடியேறிய தீவு, 1958இல் ஆஸ்திரேலியாவின் கைக்கு வந்தது. 2001 ஆகஸ்டில், புகலிடம் தேடி வந்து கடலில் தத்தளித்த 430க்கும் மேற்பட்டோரை மீட்ட நார்வேயின் 'டாம்பா' கப்பல் இந்தத் தீவை நோக்கி வந்தது. ஆஸ்திரேலியா அவர்களைக் கரையேற்ற மறுத்தது. அடுத்த மாதமே சட்டம் திருத்தப்பட்டு, புகலிடக் கோரிக்கை விஷயத்தில் தீவு நாட்டின் குடிவரவு எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டது. அந்த ஆண்டே அங்கு ஆட்களைப் பிடித்து வைக்கத் தற்காலிக ஏற்பாடு ஒன்று தொடங்கியது. அதுவரைக்கும் 'முகாம்' என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

பிறகு தீவின் வடமேற்கு முனையில், ஊரிலிருந்து விலகிய காட்டுப்பகுதியில், சுமார் 40 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில் மின்வேலியும் கண்காணிப்புக் கேமராக்களுமாக நிரந்தரக் கட்டடம் எழுந்தது. 2008 டிசம்பரில் ஆட்கள் அடைக்கப்பட்டார்கள். அரசு வைத்த பெயரில் 'வரவேற்பு', 'பரிசீலனை' என்ற சொற்கள் இருந்தன. வரவேற்பு! 2011இலும் 2015இலும் உள்ளே கலவரம் வெடித்தது. 2018இல் மூடினார்கள், பிறகு மீண்டும் திறந்தார்கள். குயின்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஈழத்தமிழ்த் தம்பதியும் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த அவர்களுடைய இரண்டு பெண்குழந்தைகளும் 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஜூன் வரை இந்தத் தீவில்தான் பிடித்து வைக்கப்பட்டிருந்தார்கள். இதை 'முகாமில் தங்கியிருந்தார்கள்' என்று எழுத என் கை வரவில்லை.

அப்படியானால் 'சிறை' என்று சொல்லிவிடலாமே? பழந்தமிழில் சிறைக்குக் காவல், அணை என்ற பொருள்களும் உண்டு. அந்த வகையில் பொருந்தும். ஆனால் இன்றைய சிறைக்குத் தீர்ப்பும் தண்டனைக் காலமும் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. 1992இல் ஆஸ்திரேலியா கட்டாயத் தடுத்துவைப்பைச் சட்டமாக்கியது. நாடற்ற ஒருவரைக் காலவரையின்றி வைத்திருக்கலாம் என்று 2004இல் அதன் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்தத் தீர்ப்பு மாற 2023 நவம்பர் வரை ஆயிற்று. சிறை என்று எழுதினால் கொடுமை புரியும்; முடிவுநாள் தெரியாத அந்தத் தனி வேதனை விடுபட்டுப்போகும்.

நான் பரிந்துரைப்பது 'தடுத்துவைப்பு'. 'வண்டியைத் தடுத்தார்' என்றால் செயல் அந்த நொடியில் முடிந்தது. 'தடுத்து வைத்தார்' என்றால் ஒருவர் வேண்டுமென்றே செய்கிறார், அந்த நிலை நீள்கிறது, அது நீள்வதற்கும் அவரே பொறுப்பு. 'வை' என்ற துணைவினை இத்தனையையும் சொல்லிவிடுகிறது. 'டெனேரே' என்ற வேருக்கும் அதுவே நெருக்கம். தடுப்பு என்ற பெயர்ச்சொல்லில் தடுத்தவர் காணாமல் போகிறார். தடுத்துவைப்பில் அவர் நிற்கிறார்.

'இமிக்ரேஷன்' என்ற முன்சொல்லுக்கு, தமிழ்நாட்டு நாளிதழ்கள் விமான நிலையச் செய்திகளில் எழுதும் 'குடியுரிமை அதிகாரிகள்' வழக்கைப் பின்பற்ற வேண்டாம். குடியுரிமை வேறு. இலங்கையின் 'குடிவரவு', சிங்கப்பூர், மலேசியாவின் 'குடிநுழைவு' இரண்டுமே துல்லியமானவை. ஆக, குடிவரவுத் தடுத்துவைப்பு நிலையம். இலங்கைத் தமிழர் உள்ளிட்ட வெளிநாட்டவரை அடைத்து வைக்கும், திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் 'சிறப்பு முகாம்' பற்றி எழுதும்போதும், அரசு வைத்த பெயரை ஒருமுறை மேற்கோள் குறிக்குள் தந்துவிட்டு இந்தச் சொல்லையே ஆளலாம். அங்கிருந்தவர்கள் தாமே சொல்லும் 'தடுப்பு'வைத் திருத்தப் போகக் கூடாது; பட்டவர்களின் சொல் அது.

'நிலையம்' பொருந்தாத இடமும் உண்டு. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து படகில் புறப்பட்ட 157 தமிழர்களை ஆஸ்திரேலியா நடுக்கடலில் பிடித்து, ஏறத்தாழ ஒரு மாதம் தன் சுங்கத்துறைக் கப்பலிலேயே அடைத்து வைத்திருந்தது. அதைக் 'கடல் தடுத்துவைப்பு' என்று எழுதலாம்.