டிவிக்கு வேண்டியது தாங்கி, அடைப்புக்குறி அன்று

சுவரில் டிவி மாட்டும் இரும்புச் சட்டத்தை 'டிவி அடைப்புக்குறி' என்று எழுதும் வழக்கம் இணையக் கடைகளிலும் பெட்டிக்குள் வரும் தாள்களிலும் பரவிவிட்டது. அடைப்புக்குறி எழுத்தில் இடுவது. அதில் 20 கிலோ எடை தொங்காது. மொரீஷியசில் இதோடு இன்னொரு பிழையும் சேர்ந்துகொண்டது. பெட்டியில் 'சுப்போர் முரால்' என்று பிரெஞ்சில் இருப்பதைப் பார்த்து 'சுவர் ஆதரவு' என்று பெயர்க்கிறார்கள். இரண்டும் தவறு. இரண்டாவது, பார்வைக்கு நல்ல தமிழாக இருப்பதால் முதலாவதைவிடக் கெடுதல்.

அடைப்புக்குறி என்று பெயர்க்கப்படும் 'பிராக்கெட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறு சிறியது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது கட்டடச் சொல். சுவரிலிருந்து வெளியே நீட்டி நின்று, தன்மேல் இருப்பதைச் சுமக்கும் உறுப்பு. காற்சட்டையின் முன்பகுதியைக் குறித்த 'பிராகெத்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. எழுத்துக் குறிக்கு அந்தப் பெயர் ஏறியது 18ஆம் நூற்றாண்டில்தான். ஆக, சுமப்பதே மூலப்பொருள், குறி பின்னால் வந்தது. பின்னால் வந்ததைப் பிடித்துக்கொண்டு மூலத்தை விட்டுவிட்டது இயந்திர மொழிபெயர்ப்பு.

இனி 'ஆதரவு'. ஆதரவு மனிதருக்கு மனிதர் தருவது. ஆதரவற்ற குழந்தை, ஆதரவான பேச்சு, தேர்தலில் ஆதரவு என்று அன்பும் சார்பும் கலந்த இடங்களில் அது வாழும் சொல். இரும்புக்கு அன்பு இல்லை. 'சப்போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'சுப்போர்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் மனிதர் தருவதையும் இரும்பு சுமப்பதையும் ஒன்றாகக் குறிக்கும். தமிழ் அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. ஒரு மொழியில் பிரிந்து நிற்பதை, இன்னொரு மொழியில் சேர்ந்திருக்கிறது என்பதற்காக ஒட்டக்கூடாது.

விளைவைத் தாளில் பாருங்கள். 'சுவர் ஆதரவு 40 கிலோ' என்று அச்சிட்டிருக்கும். சட்டத்தின் சொந்த எடையா, அது சுமக்கும் எடையா? வாங்குபவருக்கு விளங்காது. அதே தாளின் கடைசிப் பக்கத்தில் 'ஆதரவைத் தொடர்புகொள்ளவும்' என்று வரும். அங்கே ஆதரவு என்பது நிறுவனத்தின் உதவிப் பிரிவு. ஒரே தாளில் ஒரே சொல் இரும்பாகவும் தொலைபேசி எண்ணாகவும் இருக்கிறது. வினையாக்கிப் பார்த்தாலும் அது விழுந்துவிடும்: 'இந்த ஆதரவு 40 கிலோவை ஆதரிக்கும்' என்று தமிழர் யாரும் சொல்வதில்லை. 'இந்தத் தாங்கி 40 கிலோ வரை தாங்கும்' என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். கருவியின் பெயரிலேயே அதன் வேலை தெரிய வேண்டும்; எடையைப் பற்றிய பொருளில் அது பாதுகாப்பும்கூட.

தாங்கி என்பது யாரும் புதிதாகக் கட்டிய சொல் அன்று. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்க ஊர்ப் பாதைகளில் நட்ட கல் சுமைதாங்கி. கோபுர உச்சியில் நிற்பது இடிதாங்கி. இலங்கைத் தமிழில் தண்ணீர்த் தொட்டியும் தாங்கிதான். ஆகவே தனியாகத் 'தாங்கி' என்று நிறுத்தாமல் முன்னால் ஒரு சொல் சேர்ப்பது நல்லது. எதைச் சேர்ப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. சுமைதாங்கி சுமையைத் தாங்கும், இடிதாங்கி இடியைத் தாங்கும். அந்தப் போக்கில் 'சுவர்தாங்கி' என்று எழுதினால் சுவரைத் தாங்குவது என்று பொருளாகிவிடும். ஒற்று மிகுந்து 'சுவர்த்தாங்கி' என்றால், சுவர்க்கோழி போல, சுவரில் இருக்கும் தாங்கி. ஒரு 'த்' பொருளைத் திருப்பிவிடுகிறது. இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் 'டிவி தாங்கி' என்று எழுதலாம். நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

தூய்மை விரும்பிகள் சிலர் 'போதிகை' என்கிறார்கள். கோயில் மண்டபத்தில் தூணின் தலையில் அமர்ந்து உத்திரத்தை ஏந்தும் உறுப்பு அது. அழகான சொல், பிராக்கெட்டின் பழைய கட்டடப் பொருளுக்கு நெருக்கமானதும்கூட. ஆனால் போதிகைமேல் பாரம் உட்காரும். டிவி தாங்கியில் பாரம் முன்பக்கம் தொங்கும். மேலும், பழஞ்சொல்லை மீட்பதற்காகப் புழங்கும் சொல்லைத் தள்ளுவது தமிழுக்குச் செய்யும் உதவி ஆகாது. கடையில் கிரியோலில் 'சிப்போர்' என்று கேட்பவர்களையும் 'பிராக்கெட்' என்று கேட்பவர்களையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கேட்ட பொருள் கைக்கு வருகிறது. பொருள் மாறிய தமிழைவிடக் கடன்சொல் நேர்மையானது.

தாங்கி என்று பெயர் நிலைத்தால் வகைகளும் தாமாக அமையும்: நிலைத்த தாங்கி, சாய்வுத் தாங்கி, மடக்குத் தாங்கி. இவற்றுள் வேறுபாடு தெரியாமல் வாங்குவது விபத்துக்கு ஒரு காரணம். 20 கிலோ டிவியை மடக்குத் தாங்கியில் சுவரிலிருந்து 50 செ.மீ. வெளியே இழுத்தால், மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 செ.மீ. இடைவெளி இருக்கும்போது, மேல் போல்ட்டுகளை வெளியே பிடுங்கும் இழுவிசை 50 கிலோ. அதே டிவி நிலைத்த தாங்கியில் 6 செ.மீ. தள்ளி நின்றால் இழுவிசை 6 கிலோதான். மொரீஷியசில் நம் வீடுகளில் பெரும்பாலும் உள்ளீடற்ற சிமெண்ட் பிளாக் சுவர். அதன் முகப்பு சுமார் 3 செ.மீ. கனமே. விரிந்து பிடிக்கும் இரும்பு போல்ட்டை அதில் முறுக்கினால் முகப்பு உடையும். சுத்தியல் முறையில் ட்ரில் செய்தால் உட்பக்கம் சிதறும். சுத்தியல் முறையை நிறுத்திவிட்டுத் துளையிட்டு, தூசியை ஊதி வெளியேற்றி, பசை உள்ளே வழிந்துபோகாமல் பிடிக்கும் வலைக் குழாயுடன் ரெசின் பசை இட்டுத்தான் மடக்குத் தாங்கியைப் பொருத்த வேண்டும். கான்கிரீட் தூணோ பீமோ கிடைத்தால் அதுவே சிறந்தது. கடலோர வீடுகளில் சாதாரண இரும்பு போல்ட் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், எவர்சில்வர் வாங்குங்கள்.

டிவியின் முதுகில் உள்ள துளைகளின் இடைவெளிக்கு வெசா அளவு என்று பெயர். 200×200, 400×400 என்று மில்லிமீட்டரில் குறிப்பார்கள். சிறிய 75, 100 அளவுகளுக்கு எம்4, அதாவது 4 மி.மீ. தடிமன் திருகாணி. பெரியவற்றுக்குப் பெரும்பாலும் எம்6 அல்லது எம்8. திருகாணி நீளம் கூடினால் உள்ளே பலகையைக் குத்தும், குறைந்தால் மரையில் பிடிக்காது. 'இடைவெளி நிரப்பிகளைப் பயன்படுத்துக' என்று ஒரு தாளில் அச்சாகியிருந்தது. அது சிறு பிளாஸ்டிக் குழாய்தான். 'இடைக்குழாய்' என்றால் போதும்.

1998இல் மொரீஷியசின் புது ரூபாய் நோட்டுகளில் தமிழின் இடம் இந்திக்குப் பின்னால் போனபோது நம் தமிழ்ச் சமூகம் எதிர்த்தது. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. தமிழின் இடத்துக்காக அன்று எழுந்த குரல், வீட்டுக்குள் வரும் தாளில் தமிழின் பொருளுக்காகவும் எழ வேண்டும். எழுத்து தமிழாக இருப்பது போதாது.

வடத்திலும் இதே கதைதான். கேபிள் என்ற சொல்லின் மூலம் தடித்த கயிறு. தேர்வடத்தின் வடம் அதற்குச் சரியான தமிழ். டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுவரும் எச்டிஎம்ஐ வடத்தைச் செருகும் 'போர்ட்'டை, அதாவது செருகுவாயை, 'துறைமுகம்' என்று எழுதுவது மன்னிக்க முடியாதது. போர்ட் லூயிஸில் இருப்பது துறைமுகம், டிவியில் இருப்பது செருகுவாய். அது பின்னோக்கி இருந்தால் நிலைத்த தாங்கியில் நேரான முனை சுவரில் இடிக்கும். பக்கவாட்டுச் செருகுவாயையோ எல் வடிவ இணைப்பையோ தேட வேண்டும். மடக்குத் தாங்கியானால் கை முழுதும் நீளும் அளவுக்கு வடத்தில் தளர்வு விடுங்கள்.

ஆனால் வடத்தின் தரப்பெயரை மட்டும் தமிழாக்கக் கூடாது. 4கே படத்துக்கு, வினாடிக்கு 60 பிரேம் என்றால் வினாடிக்கு 18 ஜிகாபிட் கடத்தும் 'பிரீமியம் ஹை ஸ்பீட்', 120 பிரேம் என்றால் 48 ஜிகாபிட் கடத்தும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்'. இவை சான்றிதழ்ப் பெயர்கள். 'அதி உயர் வேகம்' என்று பெயர்த்துவிட்டால் உறையில் ஒட்டிய முத்திரையோடு ஒப்பிட வழியில்லை. ஒளியிழை வடங்களுக்குத் திசையும் உண்டு. ஒரு முனையில் 'சோர்ஸ்' (படத்தை அனுப்பும் பெட்டி), மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்றிருக்கும்; மாற்றிச் செருகினால் படம் வராது. தாளில் அந்த இரு சொற்களையும் அப்படியே விட்டு, பக்கத்தில் 'பெட்டிப் பக்கம்', 'டிவிப் பக்கம்' என்று எழுத வேண்டும்.